டிஸ்ப்ளே நைனாவும் அக்கா பார்த்த தோகையும்

வெளிச்சத்தை இவ்வளவு தொந்தரவு செய்த மனிதர் இந்தப் பூமியில் வேறு யாரும் இருக்க முடியாது. எங்கள் திருத்தணியில் சூரியன் பாட்டுக்குக் காலையில் வரும், மலைமேல் கோபுரத்தைத் தொடும், படிப்படியாக இறங்கிக் கடைத்தெருவுக்கு வரும், சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் போய்விடும். அதை நடுத்தெருவில் மறித்து, “நில்லு, எப்படி வந்த? நேரா வந்தியா, நெளிஞ்சு வந்தியா?” என்று விசாரித்த ஒரே ஆள் டிஸ்ப்ளே நைனா.

பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். உடைந்த டிஸ்ப்ளேயை மாற்றுவதில் அவர் கைக்கு இன்னொரு கை கிடையாது. அதனால் டிஸ்ப்ளே. ஆந்திரா எங்களுக்குக் கூப்பிடு தூரம் என்பதால் அப்பா வயதில் இருக்கிற எல்லோரும் இங்கே நைனா. அதனால் நைனா. வீட்டில் வைத்த பெயர் என்னவென்று நான் ஒருமுறை கேட்டேன். “அது எதுக்குபா, அதுல கூப்ட்டா நானே திரும்ப மாட்டேன்” என்றார்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் தோற்றவர். அப்புறம் ரேடியோ, டேப் ரிக்கார்டர் என்று ரிப்பேர் பழகி, சி.டி. பிளேயர் காலத்துக்கு வந்து சேர்ந்தார். ஒரு மத்தியானம் மடியில் வைத்திருந்த சி.டி. தட்டில் வெயில் விழுந்து, அது அவர் சட்டை முழுக்க ஏழு நிறத்தையும் வாரி இறைத்ததாம். அன்றிலிருந்து மனுஷன் மனுஷனாக இல்லை என்பது ஊர்ப் பேச்சு.

அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. போனைச் சரிசெய்து முடித்ததும் கையில் கொடுத்துவிட மாட்டார். கல்லாவுக்கு அடியிலிருந்து எதையாவது எடுப்பார். உடைந்த டிஸ்ப்ளேயிலிருந்து உரித்த மெல்லிய தாள், சோப்பு நுரை ஊதிய குழாய், ஊசித்துளை போட்ட கல்யாணப் பத்திரிகை அட்டை, எதுவாகவும் இருக்கலாம். “இத ஒரு தபா பாத்துட்டு போங்க.” பார்த்தால்தான் போன். ரிப்பேருக்கு அரை மணி, தரிசனத்துக்கு ஒரு மணி என்று ஆட்டோக்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். நானெல்லாம் போனை வாங்கப் போகும்போது, வெளியே வண்டியை அணைக்காமல் நிறுத்தி, அது உறுமுவதைக் காட்டி அவசரம் நடித்துப் பார்த்திருக்கிறேன். “வண்டி ஓடட்டும்பா, பெட்ரோல்தான போவுது” என்று அட்டையை நீட்டுவார்.

அவருடைய வேதம் ஒரே வரிதான். வெளிச்சம் என்பது அலை.

“ஏரியில கல்லு போட்டா வட்டம் வட்டமா வருதில்ல? அதேதான். கண்ணுக்கு மாட்டாத அளவுக்குப் பொடி அலை. ரெண்டு அலை வருது. சேந்து ஏறி சேந்து எறங்குனா வெளிச்சம். ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு எறங்கி கால வாரி வுட்டா, இருட்டு.”

“வெளிச்சமும் வெளிச்சமும் சேந்தா இருட்டா நைனா?”

“ஏன், நல்ல ஆளும் நல்ல ஆளும் சேந்து சண்ட போட்டுக்கறதில்ல?”



ஒருநாள் ஒரு பையன், கல்யாணத்துக்கு நிச்சயமானவன், அழாத குறையாகக் கடைக்கு ஓடி வந்தான். போன் செத்துப்போச்சு, பொண்ணு கூப்பிட்டுகினே இருக்குது, சத்தம் கேக்குது, திரை மட்டும் கரி மாதிரி கறுப்பு, புது டிஸ்ப்ளே போடுங்க என்றான். நைனா போனைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மாமனார் வீட்டில் வாங்கிக் கொடுத்த புத்தம்புதுக் கூலிங் கிளாஸ் அவன் மூக்கில் உட்கார்ந்திருந்தது.

“தலைய சாய்.”

“எதுக்கு நைனா?”

“சாய் சொல்றேன்.”

சாய்த்தான். திரை பளிச்சென்று வந்தது. நிமிர்ந்தான். செத்தது. சாய்த்தான். வந்தது. பதினைந்து நிமிடம் அந்தப் பையன் சந்தில் நின்று கோழி மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்து நிமிர்த்தினான். போனிலிருந்து வரும் அலை ஒரே வாட்டத்தில்தான் ஆடும், அந்தக் கண்ணாடி வேறொரு வாட்டத்தில் ஆடுகிற அலையை மட்டும்தான் உள்ளே விடும், ரெண்டும் ஒத்துப்போகாவிட்டால் எல்லாமே இருட்டு என்று நைனா பாடம் எடுத்தார். “மாமனார் வீட்டுக் கண்ணாடிய மாட்டிகினு பொண்ணு கிட்ட பேசாத. ஆகாது” என்று முடித்தார். ஒரு டிஸ்ப்ளே விற்றிருக்கலாம். அந்த நினைப்பே அவருக்கு வரவில்லை.

மழை பெய்தால் இன்னும் மோசம். பேருந்து நிலையத்துக் குட்டையில் டீசல் ஒழுகி நிறம் நிறமாகப் படர்ந்திருக்கும். ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் அதன்மேல் ஏறப் போன நேரத்தில் இவர் குறுக்கே போய்க் கை விரித்து நின்றுவிட்டார்.

“யோவ், இன்னாயா?” டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“ரெண்டு நிமிசம் அண்ணாத்தே. எண்ணெ மெலிஞ்சிகினு வருது. இப்பதான் ஊதா வந்து மஞ்சளாவுது. சக்கரம் பட்டா பூட்சி.”

“எனுக்கு டைம் பூட்சிபா!”

“எறங்கி வந்து பாரேன். மேல் தோல்ல பட்ட அலையும் அடித் தோல்ல பட்ட அலையும் திரும்பி வந்து சந்திச்சுக்குது. நாலு தலமுற எண்ணெ ஊத்துனாலும் இந்த மாதிரி அமையாது.”

டிரைவர் இறங்கி வந்தார். அடிக்கத்தான் வந்தார். குட்டையைப் பார்த்தார். கண்டக்டரைக் கூப்பிட்டார். கண்டக்டர் விசில் ஊதியதில் அரை பஸ் இறங்கிவிட்டது. நெசவு வேலைக்குப் போகிற பெண்கள் இருவர் இந்த நீலத்தில் ஒரு சேலை நெய்ய முடியுமா என்று குனிந்து பார்த்தார்கள். பஸ் இருபது நிமிடம் தாமதம். ஏன் என்று டிப்போவில் கேட்டதற்கு டிரைவர் என்ன எழுதிக் கொடுத்தாரோ, அடுத்த மழைக்கு அவர் வேறு ரூட்டில் இருந்தார்.

மலையடியில் மயிலிறகு விற்பவர்களோடு அவருக்கு நடந்த சண்டை தனிக் கதை. ஒரு இறகை வாங்கி, அதன் கண்ணைப் பிய்த்து, கல்லில் வைத்து நசுக்கி, கூடியிருந்த பக்தர்களிடம் பொடியைக் காட்டி, “பாருங்க, பச்சையும் இல்ல, நீலமும் இல்ல, பூரா பழுப்பு!” என்று கூவினார். இறகுக்காரர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

“சாயம் போட்டு விக்கிறேன்றியா?”

“இல்லபா! சாயமே இல்லன்றேன்!”

“சாயம் இல்லன்னா நீலம் எங்கிருந்து வருது?”

“அததான் நானும் கேக்கறேன்!”

அடிதடியாகியிருக்கும். நான் நடுவில் புகுந்து நைனாவை இழுத்துக்கொண்டு வந்தேன். இறகில் நீலம் என்ற பொருளே கிடையாது, மெல்லிய மெல்லிய அடுக்குகளில் அலை மோதித் திரும்புகிற வாகில் கண்ணுக்கு அது நீலமாகிறது, நசுக்கினால் அடுக்கு போகும், அடுக்கு போனால் நீலம் போகும் என்று வழி முழுக்க என் தோளில் கைபோட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் இறகுக்காரர் பின்னால் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஊருக்கு அவரால் நன்மை ஒன்றும் இல்லாமல் இல்லை. சரவணப் பொய்கைப் படியில் ஒரு குடும்பம் மொட்டை போட்டுக் குளிக்க வந்து கார் சாவியைத் தண்ணீரில் தவறவிட்டது. குளத்தில் வானம்தான் தெரிந்தது, அடி தெரியவில்லை. நைனா டிஸ்ப்ளேயில் உரித்த தாளைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து மெல்லத் திருப்பினார். தண்ணீர்மேல் பளபளத்த வானம் அப்படியே விலகியது. “அந்தா மூணாவது படியில கீது சாவி. அதுக்குப் பக்கத்துல ஒரு பல் செட்டும் கீது. யாருதுங்க?”  கூட்டத்திலிருந்து ஒருவர் வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு நகர்ந்து போனார்.

இப்படிப்பட்டவரை ஊரில் யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? நானும் எடுத்துக்கொள்ளவில்லை. என் அக்கா விஷயம் வரும்வரை.

சரசு அக்கா வீடு மலையடித் தெருவில். பாவா, அதாவது அவள் வீட்டுக்காரர், கே.ஜி.கண்டிகைப் பக்கம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறார். அக்கா வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கோபுர விளக்கு நேர் எதிரே தெரியும். சித்திரை வெயில் உருக்கிய ஒரு சாயங்காலம், துணி எடுக்க மாடிக்குப் போனவள் துணியை மறந்துவிட்டு இறங்கி வந்தாள். மலைவிளக்கைச் சுற்றி வட்டம். வெளியே சிவப்பு, உள்ளே பச்சை, அதற்கும் உள்ளே நீலம். முருகன் மயில் தோகையை விரித்துக் காட்டுகிறான் என்றாள்.

அடுத்த நாளும் தெரிந்தது. ஒருநாள் விட்டு அதற்கடுத்த நாளும். அக்கா ஒரு மண்டலம் ஒருவேளைச் சாப்பாடு என்று வேண்டிக்கொண்டாள். சாயங்காலம் ஆனால் நெற்றிப் பொட்டில் வலி, சில நாள் வாந்தி. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். வெறும் வயிறு, அதனால்தான் என்றார் பாவா. வெறும் வயிறு, அதனால்தான் என்றோம் நாங்கள் எல்லோரும். இந்த ஊரில் பிறந்தவர்களால்தான் அந்தத் தப்பைச் செய்ய முடியும். வேறு ஊரில் யாராவது விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்றால் கண் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். எங்கள் ஊரில் தேங்காய் வாங்கி வருவார்கள்.

தெருவே மாடியேறியது. கற்பூரம், சுண்டல். எதிர்வீட்டு ராஜம்மா முதல் நாளே, “ஆங், எனுக்கும் தெரியுது சரசு, செவப்பா, மினுக்கு மினுக்குன்னு” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் கும்பிட்ட திசை கொஞ்சம் இடப்பக்கமாக இருக்கிறதே என்று பாவா பார்த்தார். மூன்று நாளாக ராஜம்மா செல்போன் டவர் விளக்கைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நான் பார்த்தபோது விளக்கு வெறும் விளக்காகத்தான் இருந்தது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, “உனக்குத் தெரியுதாடா?” என்று கேட்டாள். பதினாறு வயதில் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு, மாடு, கழனி, மாமியார், பிள்ளைகள் என்று எல்லாருக்கும் எல்லாமும் செய்து முடித்தவள். அவளைத் தேடி எதுவும் வந்ததில்லை. முதல்முறையாக ஏதோ ஒன்று மலையை விட்டு இறங்கி அவளுக்காக மட்டும் வந்திருக்கிறது. அந்த நேரத்தில் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

“தெரியுதுக்கா.”

கதை எழுதுகிறவன் நான். என் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் மிக அழகானது என்று அன்றைக்கு நினைத்தேன்.

இதற்கிடையில் பாவாவின் போன் மோட்டார் கொட்டகைத் தரையில் விழுந்து முகம் சிதறிப்போனது. நைனா யார் வீட்டுக்கும் போனைக் கொண்டுபோய்க் கொடுக்கிற ரகம் இல்லை. ஆனால் பாவா நாலு நாளாக வாங்க வரவில்லை. தரிசனத்துக்குப் பயந்துதான். அதனால் கிருத்திகைக்கு முதல்நாள் சாயங்காலம், ஒரு கையில் போன், ஒரு கையில் சோப்புத் தண்ணீர் டப்பா என்று அவரே வந்து நின்றார். மாடியிலிருந்து அரோகரா கேட்டது.

“மேல இன்னாபா கூட்டம்?”

சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! “வளையமா? வெளக்கச் சுத்தியா? எத்தினி வளையம்? என்னை ஏன்பா கூப்புடல?” செருப்பைக் கழற்றாமல் இரண்டிரண்டு படியாக ஏறினார். மேலே போய்க் கோபுர விளக்கைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். தாளை வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. காற்றை மோந்து பார்த்தார். நாக்கை நீட்டி ருசி பார்த்தது போலக்கூட இருந்தது.

“சரசம்மா, வெளிப்பக்கம் இன்னா கலரு?”

“செவப்பு நைனா.”

“உள்ள?”

“நீலம். இப்பக்கூட நல்லாத் தெரியுது.”

“தல வலிக்குதா?”

“வெரதம் இல்ல, வலிக்கத்தான் செய்யும்.”

அவர் கையிலிருந்த டப்பாவையும் போனையும் கீழே வைத்தார். அவர் கை எதையும் பிடிக்காமல் நின்று அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“ஒரு கண்ண மூடிக்கங்கம்மா. கைய நீட்டி கட்டவெரலத் தூக்குங்க. அந்த வெளக்க மட்டும் மறைங்க. வளையத்த மறைக்காதீங்க, வெளக்க மட்டும்.”

கூட்டம் முணுமுணுத்தது. “சாமி வெளக்க கட்டவெரலால மறைக்கச் சொல்றான் பாரு” என்றாள் ராஜம்மா. அக்கா தயங்கினாள். பிறகு கையை நீட்டினாள்.

“மறைச்சிட்டேன்.”

“இப்ப வளையம் இருக்குதா?”

அக்கா வெகுநேரம் பார்த்தாள். “இல்லயே நைனா. போயிட்ச்சே.”

“இன்னொரு கண்ணால.”

“அதுலயும் போயிட்ச்சு.”

நைனா சுற்றி நின்ற எங்களைப் பார்த்துத் திரும்பினார். குரல் உயரவில்லை. “மார்கழிப் பனியில தெருவெளக்கச் சுத்தி வளையம் வரும். காத்துல தண்ணிப் பொடி இருக்கும், வெளிச்சத்தோட அலை அதுமேல பட்டு வளைஞ்சு விரியும். அந்த வளையம் காத்துல கீது. வெளக்க மறைச்சாலும் அது அங்கயே நிக்கும். இன்னிக்கு காத்துல ஒரு சொட்டு ஈரம் இல்ல. வெளக்க மறைச்சா வளையம் போவுதுன்னா, அது வெளிய இல்ல. இவங்க கண்ணுக்குள்ள கீது.”

 ராஜம்மா இரு கையையும் தூக்கினாள். “கேட்டீங்களா? முருகன் சரசு கண்ணுக்குள்ளயே வந்து உக்காந்துட்டாராம்! அரோகரா!”

மாடியே அரோகரா என்றது. இரண்டு பேர் அக்கா காலில் விழுந்தார்கள். நைனா தலையில் அடித்துக்கொண்டார். “அய்யோ, சாமி இல்லம்மா, தண்ணி! கண்ணுல தண்ணி கோத்துகினு கீது! நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க!”

“நாளைக்குக் கிருத்திகை” என்றார் பாவா. “படியேறணும். மண்டலம் முடியட்டும், அப்பால பாத்துக்கலாம்.”

“அப்பாலன்னா அப்ப பாக்கறதுக்குக் கண்ணு இருக்காது.”

“நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு பேசற நைனா? மொதல்ல என் போனக் குடு.”

நைனா போனை எடுத்து இடுப்பு மடிப்பில் சொருகினார். மாடிப்படியின் கடைசிப் படியில் போய்க் குறுக்கே உட்கார்ந்தார். மேலே இருந்தவர்கள் இறங்க முடியாது, கீழே இருந்தவர்கள் ஏற முடியாது. “கண்ணு டாக்டர் எழுதின சீட்டக் காட்டுங்க, போனு தரேன். அதுவரைக்கும் நான் இங்கதான்.” சுண்டல் தட்டோடு பதினெட்டுப் பேர் மாடியில் மாட்டிக்கொண்டார்கள். ஒருவருக்கு வீட்டில் அடுப்பில் பால். ஒருவருக்கு அவசரமாக ஒண்ணுக்கு. பக்தி கரைய அரை மணிதான் பிடித்தது. “சரசு, போயிட்டுதான் வாயேன்” என்று முதலில் சொன்னவளே ராஜம்மாதான்.

அக்கா என்னைப் பார்த்தாள். “ஏன்டா, நீயும் பாத்தன்னு சொன்னியே. என் கண்ணுக்குள்ள இருக்கிறது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

நான் குனிந்து கையிலிருந்த சுண்டலைப் பார்த்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. “காலையில எந்த ட்ரெயினு?” என்றாள் பாவாவிடம்.

மறுநாள் விடிந்ததும் சென்னை ரயிலில் நான்கு பேர். நைனா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். மணவூர் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வெயில் கம்பிகளில் வெட்டுப்பட்டு அவர் மடியில் கோடு கோடாக ஓடியது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அக்கா கண்ணயர்ந்த நேரம் என் பக்கம் சாய்ந்தார்.

“எங்கம்மா இப்படித்தாம்பா சொல்லிகினு இருந்தாங்க. தெருவெளக்குல கலர் கலரா வட்டம் வருதுடான்னு. நான் சின்னப் பையன். வெளிய எது, உள்ள எதும்மான்னு தெனமும் கேப்பேன். நல்லா இருக்குதே, எனுக்குத் தெரியலயேன்னு அழுவேன். அப்பால அவங்களுக்கு அந்த வெளக்கே தெரியாமப் பூட்சி.”

சி.டி. தட்டும் சட்டையில் இறைந்த ஏழு நிறமும் ஊர் சொன்ன கதை. அவர் சொன்னதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, “யார் அனுப்பினாங்க?” என்று கேட்டாள்.

“டிஸ்ப்ளே நைனா” என்றார் பாவா.

“டி. நைனாவா? எம்.பி.பி.எஸ்.ஸா, கண்ணு ஸ்பெஷலிஸ்ட்டா?”

“ஸ்பெஷலிஸ்ட்டுதாம்மா. எல்லா மாடலும் பாப்பாரு.”

டாக்டரம்மா அக்காவின் கண்ணை வெகுநேரம் பார்த்தார். அழுத்தம் அளந்தார். திரும்பவும் அளந்தார். அந்த இருட்டறையில் நின்ற நேரத்தில், நான் எழுதிய வரிகள் எல்லாவற்றையும் திரும்பக் கொடுத்துவிடுகிறேன், அந்த ஒரு பொய்யை மட்டும் வாங்கிக்கொள் என்று யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா விளக்கைப் போட்டுவிட்டுச் சொன்னார். கண்ணுக்குள் ஊறுகிற நீர் வெளியேறும் வழி குறுகல். சாயங்காலம் இருட்டத் தொடங்கி, கண்ணின் பாப்பா விரியும்போது அந்த வழி அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் ஏறிக் கண்ணின் முன்பக்கம் நீர் கோத்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது. அப்படியே விட்டால் ஒருநாள் முழுசாக அடைத்துக்கொண்டு நரம்பைத் தின்றுவிடும்.

“இப்ப?” என்றார் பாவா. 

“நரம்பு நல்லா இருக்குங்க. சரியான நேரத்துல வந்திருக்கீங்க. மொதல்ல அழுத்தத்தைக் குறைப்போம், அப்புறம் லேசர்ல ஒரு சின்னத் துளை போட்டுடலாம். தண்ணி அது வழியாப் போயிடும்.”

பாவா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். ஏழு ஏக்கர் கழனியை ஒற்றை ஆளாக உழுத மனுஷன், துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். “டேய், பசிக்குதுடா எனக்கு. ஒரு மாசமா பசியே இல்லடா” என்றார்.

லேசர் என்ற சொல் காதில் விழுந்ததும் நைனாவுக்குப் பழைய உயிர் வந்துவிட்டது. அறைக் கதவில் தலையை நுழைத்து, “மேடம், அதோட அலை எத்தினி நீளம்? கண்ணுக்குத் தெரியற கலரா, தெரியாததா?” என்று ஆரம்பித்தார். இரண்டு முறை வெளியே அனுப்பினார்கள். மூன்றாவது முறை வாட்ச்மேன் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலில் விட்டார். நாங்கள் வெளியே வந்தபோது வாட்ச்மேன் கையில் டிஸ்ப்ளேயில் உரித்த அந்தத் தாள் இருந்தது. அவர் அதன் வழியே வாசல் கண்ணாடிக் கதவைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கண்ணுக்கும் ஆயிற்று. சொட்டு மருந்தும் எச்சரிக்கைகளுமாக ஊர் வந்து சேர்ந்தோம். ஒரு வாரம் கழித்து, டாக்டரம்மா மறுபடி பார்த்து எல்லாம் சரி என்று சொன்ன நாளின் சாயங்காலம், அக்கா மாடிக்குப் போக வேண்டும் என்றாள். பாவா கூடப் போனார். நான் போனேன். செய்தி கேட்டு நைனாவும் வந்துவிட்டார். தெருவில் வேறு யாரையும் கூப்பிடவில்லை.

வெயில் இறங்கி, வானம் காய்ந்த வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. மலைமேல் விளக்கு ஏற்றினார்கள்.

அக்கா பார்த்தாள். நைனா விளக்கைப் பார்க்கவில்லை, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா தெரியுதும்மா?”

“வெளக்கு தெரியுது.”

“சுத்தி?”

“சுத்தி ஒண்ணும் இல்ல.”

“நல்லாப் பாருங்க. செவப்பு? நீலம்? கொஞ்சூண்டு?”

“ஒண்ணுமே இல்ல நைனா. வெறும் வெளக்கு.” அவள் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. “அவ்ளோ அழகா இருந்துச்சு. போயிட்டாரே.”

இத்தனை வருஷமாக ஊரைப் பிடித்து நிறுத்தி நிறத்தைக் காட்டியவர், ஒரு நிறமும் இல்லை என்று கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். சட்டைப் பை, இடுப்பு மடிப்பு, எதிலும் அன்றைக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை.

அவரை வெறுங்கையோடு பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

“நைனா, எதுனா காட்டேன்” என்றேன். அவரைப் பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடிய அத்தனை வருஷத்தில் நானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“இன்னிக்கு வேணாம்பா” என்றார். “இன்னிக்கு வெளக்கையே பாத்துகினு இருப்போம்.”

சொல்லிவிட்டு, நானும் உட்கார இடம் விட்டுச் சுவரில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.